காம்பராவுக்கு வெளியே நின்ற கமரா

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயனில் காம்பரா ஒன்றின் அளவு வழக்கமாக 10 அடிக்கு 12 அடி. மீற்றர் கணக்கில் 3க்கு மூன்றரை, இன்னும் கொஞ்சம். பழைய பாக்ஸ் கமரா எதையும் தெளிவாகக் காட்டத் தொடங்கும் தூரமும் ஏறத்தாழ அதே 3 மீற்றர்தான். படமெடுப்பவர் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால், எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டியிருப்பவர் மட்டும் தெளிவாக விழுவார். குடும்பம் முழுவதும் நிற்க இடமில்லை. நின்றாலும் வெளிச்சமில்லை. மலையகத்துப் பழைய குடும்பப் படங்களில் பின்னணியாக இஸ்தோப்புத் (முன்திண்ணை) தூணும் வாசலும் கொழுந்துச் செடியுமே திரும்பத் திரும்ப வருவதற்கு ரசனையைவிட இந்த அளவுதான் காரணம். நாற்காலி வெளியே வந்தது, கமரா உள்ளே போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அறை என்று பொருள். கமராவும் அதே இலத்தீன் வேரிலிருந்து ‘இருட்டறை’ என்ற பொருளில் வந்ததுதான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும் மலையகத்தில் நெடுங்காலம் முகம் பார்க்காமல் இருந்திருக்கின்றன.

தொழிற்சாலையிலேயே எடுத்து முடித்த முடிவுகள்

1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரெட் கமரன் இங்கே எடுத்த படங்களில் தொழிலாளர் முகங்களும் உண்டு. அவர் கையாண்ட முறையில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன்னே கழுவியும் முடிக்க வேண்டும். 1879இல் டிக்கோயாப் பகுதியில் இறந்த அவரைப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த இருபத்தோராம் ஆண்டு, 1900இல், கோடாக் நிறுவனம் ஒரு டொலருக்குப் பிரௌனி என்ற பாக்ஸ் கமராவை விற்கத் தொடங்கியது. அட்டைப்பெட்டி, ஒற்றை லென்ஸ், வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டராகச் சுழலும் தகடு ஒன்று. மருந்தும் இல்லை, தட்டும் இல்லை, தெரிந்திருக்க வேண்டியதும் எதுவுமில்லை.

தெரிந்திருக்க வேண்டாம் என்றால் யாரோ முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாக்ஸ் கமராவில் மூன்று விஷயங்கள் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டன: குவிப்பு 3 மீற்றருக்கு அப்பால், துவாரம் எஃப் 11 அளவில் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), ஷட்டர் 1/30க்கும் 1/50 செக்கனுக்கும் இடையில். பின்னாளில் இந்தியாவில் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III வரை இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. முதுகில் வெயில் படும்படி நின்று, எதிரே வெயிலில் நிற்பவரைப் படமெடுப்பவருக்கான முடிவுகள் அவை. நம் மலையில் வெயில் அப்படிச் சொல்லிவைத்து வராது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வானம் வெளுத்து வெயில் எரிக்கும்போது ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு (இந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) எஃப் 16, 1/100 செக்கன் போதும். எஃப் 11, 1/40 செக்கனில் திறக்கும் பாக்ஸ் கமரா அதைப்போல ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அக்காலத்து மந்தமான பிலிமுக்கு அது அளவு. இன்றைய 100க்குக் கூடுதல்தான், ஆனால் நெகட்டிவ் பிலிம் கூடுதலைத் தாங்கும், குறைச்சலைத்தான் தாங்காது. நிழல் விழாத அளவுக்கு மேகம் மூடினால் வெளிச்சம் வெயிலில் எட்டில் ஒன்று. ஐந்து மடங்குத் தாராளம் அதில் கரைந்துபோகும், ஆனாலும் படம் வரும். மூடுபனி இறங்கி அடுத்த நிரைச் செடியே மங்கும்போது பதினாறில் ஒன்று, சிலவேளை அதற்கும் கீழே. அப்போது 100 பிலிமுக்குத் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். 400 போட்டால் சரிக்குச் சரி. ஒரே சிறு சன்னல் உள்ள அறைக்குள் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அங்கே ஷட்டரைத் திறந்தே வைக்கும் ‘பி’ அல்லது ‘டி’ நிலையில், கமராவை மேசைமேல் அசையாமல் வைத்து 4, 5 செக்கன் விட வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமா என்று கேட்க வேண்டியதில்லை.

எந்தப் பிலிம் போடுவது என்பது மாதத்தோடு எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கிறது. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் பதுளையிலும் பண்டாரவளையிலும் வரண்ட காற்றும் வெயிலும். ஆக, ஒரே ஆடி மாதத் திருவிழாவுக்கு ஹட்டனில் 400, பண்டாரவளையில் 100. டிசம்பரில் இது தலைகீழாகும், பதுளையும் பண்டாரவளையும் உள்ள ஊவா நனையும். தீபாவளி விழுவது இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட இடிமழைக் காலத்தில். காலையில் வெயில், பின்னேரம் இடி. குடும்பப் படத்தைப் பகல் சாப்பாட்டுக்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது. இரவில் ஆடும் காமன் கூத்தின் பந்த வெளிச்சம் பாக்ஸ் கமராவின் கணக்குக்குள்ளேயே வராது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் தூரத்து மலை காணாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. வெயில் நாளில் தூர மலைகளை மூடும் நீல மங்கல் காற்றில் சிதறும் நீல ஒளி. பிலிமுக்கு நீலம் நன்றாகத் தெரியும் என்பதால் மலை வெளுத்துப்போகிறது. மஞ்சள் பில்டர் அந்த நீலத்தைத் தடுத்து மலையை மீட்டுத் தரும், பதிலுக்கு வெளிச்சத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். மூடுபனி அப்படியில்லை. அது நீர்த்துளிகள், எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிக்கும். அங்கே பில்டர் போட்டால் இருக்கிற வெளிச்சத்தில் பாதி போவதுதான் மிச்சம். பிளாஷ் அதைவிட மோசம்: முன்னால் மிதக்கும் துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளைப் பொட்டாகும்.

மலைக் குறியும் மலையும்

1960களின் பிற்பகுதியில் வந்து 1984 வரை தயாரிப்பில் இருந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 பெட்டரியே கேட்காது. லென்ஸைச் சுற்றியிருக்கும் கொப்புளக் கண்ணாடிக்குள் செலீனியக் கலம் உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிறு மின்னோட்டம் தரும், அந்த ஓட்டம் மீற்றர் முள்ளை நகர்த்தும், முள் நின்ற இடத்தை வைத்துத் துவாரமும் ஷட்டரும் (1/40 அல்லது 1/200) அமையும். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் இன்றும் குடும்பப் படத்துக்கு இதைத்தான் சிபாரிசு செய்யலாம்.

வாங்குமுன் சோதிப்பது சுலபம். துவார வளையத்தைத் தானியங்கி நிலையான ‘ஏ’யில் வைத்து, பிலிமைச் சுற்றும் பற்சக்கரத்தைத் திருப்பி ஷட்டரை ஏற்றி, லென்ஸைக் கையால் முழுக்க மூடி அமுக்குங்கள். பார்வைச் சன்னலில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் மறுக்க வேண்டும். பிறகு வெயிலை நோக்கி அமுக்கினால் கொடி எழாமல் அடிக்க வேண்டும். வெயிலிலும் கொடி எழுந்தால் கலம் செத்திருக்கிறது, அல்லது முள் இறுகியிருக்கிறது. கலத்துக்குள் ஈரம் புகுந்து மெல்லச் சாவது நம் ஊர்களில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு. அப்போதும் கமராவை எறிய வேண்டாம். துவார வளையத்தை ‘ஏ’யிலிருந்து எடுத்து எஃப் எண்ணில் வைத்தால் 1/40 செக்கனில் இயங்கும். மேகமூட்டத்தில் 100 பிலிமோடு எஃப் 8 பொருந்தும்.

ட்ரிப்பின் குவிப்பு வளையத்தில் நான்கு படக்குறிகள்: தலை (1 மீற்றர்), இருவர் (1.5), கூட்டம் (3), மலை (முடிவிலி). மலையகத்தில் இந்தக் கடைசிக் குறி ஒரு பொறி. பின்னால் சிவனொளிபாதமலை தெரிகிறதே என்று வளையத்தை மலையில் வைத்தால் மலை பளிச்சென்று விழும், அம்மாவின் முகம் கரையும். குறி சொல்வது படத்தில் எது இருக்கிறது என்பதை அல்ல, தெளிவாக விழ வேண்டியவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை.

குவிப்பில் விடும் சிறு தவறு வெயிலில் மன்னிக்கப்படும், பனியில் மன்னிக்கப்படாது. கூட்டக் குறியில் வைத்து, வெயிலில் துவாரம் 11க்குச் சுருங்கினால் 1.9 மீற்றரிலிருந்து கிட்டத்தட்ட 8 மீற்றர் வரை தெளிவு. மூடுபனி அடர்ந்து பொழுதும் மங்கி, துவாரம் 2.8 வரை திறந்துகொள்ளும்போது 2.6 மீற்றரிலிருந்து 3.6 மீற்றர் வரைதான். ஒரே ஒரு மீற்றர் ஆழம். நெருக்கி நிறுத்தினால் இரண்டு வரிசை, மூன்றாவது வரிசையில் நிற்கும் மாமாமார் புகையாகிவிடுவார்கள். அகலத்திலும் 3 மீற்றர் தூரத்தில் 2.7 மீற்றர்தான் அடங்கும்.

பிளாஷ் கூடவே வந்த காலம்

கொனிக்கா சி35 இஎஃப் 1975இல் வந்தது, பிளாஷ் உடலோடு சேர்ந்தே வந்த ஆரம்பகாலச் சிறு கமராக்களில் ஒன்று அது. தானாகக் குவிப்பதில் பெருமளவில் தயாரான முதல் கமராவான சி35 ஏஎஃப் 1977இல் வந்தது. அதே 1977இல்தான் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. யஷிக்கா எம்எஃப்-2 போன்ற கமராக்கள் இந்த வழியில் வந்தவை: குவிப்பு மாறாது, பிளாஷ் உண்டு, இரண்டு பென் டோர்ச் பெட்டரி போதும். கமரா காம்பராவுக்குள் நுழைந்தது இவற்றோடுதான். இத்தகைய சிறு பிளாஷின் வழிகாட்டி எண் 14 என்று வைத்து, அதை எஃப் எண்ணால் வகுத்தால், எஃப் 4இல் எட்டும் தூரம் மூன்றரை மீற்றர். சுவருக்குச் சுவர் அளந்தது போல இருக்கிறது.

இவற்றில் கெடுவது பெரும்பாலும் பெட்டரிப் பொந்து. கழற்றாமல் விட்ட அல்கலைன் பெட்டரி கசிந்து வெண்தூளாகப் பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஈரப் பஞ்சு, பிறகு உலர் பஞ்சு. அதற்கு மேல் திறக்காதீர்கள். பிளாஷ் கப்பாசிட்டர் ஏறத்தாழ 300 வோல்ட் ஏற்றிக்கொள்ளும், பெட்டரியைக் கழற்றிய பிறகும் பிடித்து வைத்திருக்கும்.

இவற்றுக்குச் சற்று மூத்த யஷிக்கா எலெக்ட்ரோ 35 (1966) அருமையான லென்ஸ் உள்ளது. அது கேட்கும் 5.6 வோல்ட் பாதரச பெட்டரி இப்போது கிடையாது. 6 வோல்ட் 4எல்ஆர்44ஐ ஒரு ஸ்பிரிங்கோடு பொருத்தினால் வேலை நடக்கும். பிலிமைச் சுற்றும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் பட்டை மக்கிவிட்டது, வெளிச்ச அளவு தாறுமாறாகும். அதை மாற்ற மேல்மூடியைக் கழற்ற வேண்டும், புதியவர் கை வைக்கிற இடமில்லை.

தோலுறைதான் எதிரி

தேயிலைத் தூளை ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலை) அனுப்பும்போது ஈரம் 3 சதவீத அளவுக்கு வற்றியிருக்க வேண்டும், திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே காற்றில்தான் கமராவும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் லென்ஸில் பூஞ்சணம் வேர்விடும். மழைமாதங்களில் நம் மலைகளில் அது 80க்கு மேல் சாதாரணம். பத்திரமாக இருக்கட்டும் என்று தோலுறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைப்பது பூஞ்சணத்துக்குப் பந்தி போட்டது போலத்தான்: தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டும் அசையாத காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உறையை வேறாக வையுங்கள். கமராவை ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். செம்மஞ்சள் மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் குடித்து முடித்தாயிற்று. அடுப்புப் பெட்டியில் 110, 120 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் காயவைத்தால் திரும்ப வேலை செய்யும். அரிசியில் புதைக்கிற பழக்கம் வேண்டாம், மாத்தூசி உள்ளே போகும். நுவரெலியாக் குளிரிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் பையைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். குளிர்ந்த லென்ஸில் கீழ்நாட்டுக் காற்று வியர்த்துவிடும்.

பிடித்துவிட்ட பூஞ்சணத்தைப் பார்க்க, பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் பூஞ்சணம், சமமாகப் பால் பூசியது போலிருந்தால் எண்ணெய்ப்படலம். பாக்ஸ் கமராவில் முன்தகட்டைக் கழற்றினால் ஒற்றை லென்ஸின் இருபக்கமும் கைக்கு வரும். 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பஞ்சில் தொட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்து, அடுத்து ஐசோபுரொப்பைல் அற்ககோல். லென்ஸ் பிளாஸ்டிக் என்றால் அற்ககோலும் வேண்டாம், தின்னர் கிட்டவே வரக்கூடாது. சோப்பு நீர் போதும். துடைத்த பிறகும் இழைத்தடம் தெரிந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. வெயிலுக்கு எதிராகப் படமெடுக்காதவரை அதனால் பெரிய நட்டமில்லை. பார்வைச் சன்னலுக்குள் இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியைத் தேய்க்கவே வேண்டாம், அதன் வெள்ளிப்பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கலாம்.

ஜப்பான் கமராக்களின் பின்கதவு ஓரத்து நுரைப்பஞ்சு தார் போல ஒட்டும் கூழாகியிருக்கும். தீக்குச்சியால் சுரண்டி, அற்ககோலால் துடைத்து, 2 மி.மீ. தடிப்புக் கறுப்புக் கம்பளி நூலைக் காடியில் அழுத்தி வைத்தால் ஆயிற்று. மடக்குக் கமராக்களில் துருத்தி போல மடியும் பெல்லோஸ் மூலைகளில் ஊசித்துளை தேடுங்கள்: இருட்டு அறையில் உள்ளே டோர்ச்சை வைத்தால் நட்சத்திரம் தெரியும்.

அளவுகளும் அடையாளங்களும்

120 பிலிமும் 35 மி.மீ. பிலிமும் இன்றும் தயாராகின்றன. 120இல் சதுரப் படம் 12, நீளப் படம் 8. உங்கள் கமரா 620 கேட்டால் பிலிம் அதேதான், சுருட்டுக்கட்டை மட்டும் மெலிது. இருட்டில் 120ஐ 620 கட்டைக்கு மாற்றிச் சுற்ற வேண்டும், ஆகவே பழைய 620 கட்டை இரண்டையும் தொலைக்காதீர்கள். 126 இன்ஸ்டாமற்றிக் (1963) கேட்ரிட்ஜ் தயாரிப்பு நின்றுவிட்டது, அந்தக் கமரா அலமாரிக்குத்தான்.

பின்புறச் சிவப்புச் சன்னல், சிவப்பே தெரியாத பழைய பிலிமுக்காக வைத்தது. இன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியும். கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பாருங்கள். 35 மி.மீ. கமராவில் வேறொரு ஆபத்து: பிலிம் நுனி பற்சக்கரத்தில் கவ்வாமல், 36 தடவை அடித்தும் வெறும் பிலிம். சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே திரும்பினால் பிலிம் ஓடுகிறது.

பழைய படங்களையும் இந்த அறிவோடு வாசிக்கலாம். ஒரு படத்துக்குள் இரு கூட்டம் நின்றால் சுற்ற மறந்திருக்கிறார்கள். பாக்ஸ் கமராவில் அதைத் தடுக்கும் பூட்டு இல்லை. ஓரத்தில் வெள்ளை வீச்சு கதவுக் கசிவு. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைவு. தலை வெட்டுப்பட்டிருந்தால் பார்வைச் சன்னல் லென்ஸுக்கு மேலே இருப்பதை மறந்து கிட்டப் போயிருக்கிறார்கள். 6 செ.மீ. சதுரத்தில் சிறிய படம் இருந்தால் அது பெரும்பாலும் நெகட்டிவை அப்படியே தாளில் வைத்து அச்சிட்டது. அந்த நெகட்டிவ் எங்கேனும் இருந்தால் பெரிதாக்க முடியும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையக மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகி, குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. ஆகையால் அங்குள்ள உறவினரின் பெட்டியையும் கேட்டுப் பாருங்கள். அப்படிப் போனவர்களில் பலர் குடியேறிய நீலகிரியில், ஊட்டியில்தான், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ பிலிமைத் தயாரித்தது.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவ நினைப்பவருக்கு மலை ஒரு வரம். டெவலப்பருக்கு வேண்டிய 20 பாகை இங்கே குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 20 பாகையில் எட்டரை நிமிடம் என்றால் 18 பாகையில் ஏறத்தாழ 10 நிமிடம்.

பெட்டியிலிருந்து எடுத்த கமராவை முதலில் திறக்க வேண்டாம். 35 மி.மீ. என்றால் இடப்பக்கக் குமிழை மெல்லத் திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது, அடிப்பொத்தானை அமுக்கி முழுக்கச் சுருட்டி எடுங்கள். பாக்ஸ் கமரா என்றால் சிவப்புச் சன்னலைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, கைப்பிடி லேசாகும்வரை சுற்றி, நிழலில் எடுத்து ஒட்டிவிடுங்கள். நிறப் பிலிமாக இருந்தாலும் பல பத்தாண்டு பழையதென்றால் கறுப்பு வெள்ளையாகக் கழுவச் சொல்லுங்கள், நிறம் எப்படியும் போயிருக்கும். சன்னலில் 5 நின்றிருந்தால் நான்கு படம் நிச்சயம். ஐந்தாவது, எடுத்தவர் சுற்றுவதற்கு முன் கமராவைக் கீழே வைத்தாரா, சுற்றிய பிறகு வைத்தாரா என்பதைப் பொறுத்தது.